ஸபுறு என்றால் சும்மா இருப்பதல்ல



2020 நவம்பர் மாதத்தில் ஒரு நாள். எங்கள் ஊர் தனிமைப்படுத்தப்பட்டிருந்தது. பள்ளிவாசலில் பாங்கு மட்டும் ஒலித்தது; தொழுகையெல்லாம் வீட்டில்தான். வாராவாரம் அஸருக்குப் பின் நான் நடத்தி வந்த பெண்கள் மார்க்க வகுப்பும் நின்று போயிருந்தது. அந்த வகுப்புக்கு எல்லோருக்கும் முந்தி வந்து உட்காரும் வயது முதிர்ந்த உம்மா ஒருவர், பேரப்பிள்ளையின் தொலைபேசியில் என்னை அழைத்தார்.

“மௌலவி, காய்ச்சல் எண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் மௌத்தானா எரிச்சிப் போடுவாங்களாமே. அதவிட வீட்டோட கிடந்து மௌத்தாகிறது நல்லமில்லையா?”

என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தெரியாத நேரத்தில் எங்களைப் போன்றவர்கள் சொல்லும் ஒரு வார்த்தை இருக்கிறது. அதைத்தான் நானும் சொன்னேன். “ஸபுறு செய்யுங்க உம்மா. அல்லாஹ் இருக்கிறான்.”

அவர் ஸலாம் சொல்லி வைத்துவிட்டார். நானும் ஓதிக்கொண்டிருந்த கிதாபுக்குத் திரும்பிவிட்டேன். உபதேசம் செய்துவிட்டேன் என்ற திருப்தி எனக்கு. ஆனால் அந்த உம்மாவுக்கு அப்போதே காய்ச்சல் ஆரம்பித்திருந்தது என்பதை நான் கேட்கவில்லை. அவர் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்கிறார் என்று நான் யோசிக்கவும் இல்லை. இந்த மாதம் அதைப்பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

என்ன நடந்தது?

அன்று ஐந்து, ஆறு வயதாக இருந்த பிள்ளைகள் இன்று என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் காலம் ஞாபகமில்லை. ஆகவே நடந்ததைச் சுருக்கமாகவேனும் சொல்லி வைப்பது நம் கடமை.

கொவிட் நோயால் மரணிப்போரை அடக்கம் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச் மாதத்திலேயே வழிகாட்டியிருந்தது. நமது சுகாதார அமைச்சின் முதல் வழிகாட்டலிலும் அடக்கத்துக்கு இடமிருந்தது. ஆனால் மார்ச் 30 ஆம் திகதி நீர்கொழும்பில் மரணித்த முஸ்லிம் சகோதரர் ஒருவரின் ஜனாஸா எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11 ஆம் திகதி வர்த்தமானி அறிவித்தல் மூலம் எரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. நிலத்தடி நீர் அசுத்தமாகும் என்பது சொல்லப்பட்ட காரணம். அதற்கு ஆதாரம் காட்டப்படவில்லை.

அதற்கு எதிரான மனுக்களை உயர் நீதிமன்றம் 2020 டிசம்பர் 1 ஆம் திகதி தள்ளுபடி செய்தது. அதே மாதம், பிறந்து இருபதே நாளான ஒரு பாலகனின் உடலும் எரிக்கப்பட்டது. பொரளை கனத்தையின் இரும்புக் கதவில் கபன் துணியின் வெள்ளைத் துண்டுகளை மக்கள் கட்டினார்கள். முஸ்லிம்கள் மட்டும் கட்டவில்லை. சிங்கள, தமிழ்ச் சகோதரர்களும் வந்து கட்டினார்கள். தம் மையித்துகளைப் பாரமெடுக்கவும், எரிக்கும் பெட்டிக்குப் பணம் கொடுக்கவும் மறுத்த குடும்பங்கள் இருந்தன. இவ்வளவுக்கும், அரசு அமைத்த நிபுணர் குழுவொன்றே அந்த டிசம்பரில் அடக்கம் செய்யலாம் என்று சிபாரிசு செய்திருந்தது. இலங்கை மருத்துவச் சங்கமும் 2021 ஜனவரித் தொடக்கத்தில் அதையே சொன்னது.

2021 பெப்ரவரி 25 ஆம் திகதிதான் அடக்கத்துக்கு அனுமதி தரும் வர்த்தமானி வெளியானது. மார்ச் 5 ஆம் திகதி தொடக்கம் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் நடந்தது. நாட்டின் எந்த மூலையில் மௌத்தானாலும் அந்த ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ஒரு வருடம் அப்படியே நீடித்தது. 3,600 க்கும் மேற்பட்டோர் அங்கு அடக்கப்பட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஆனால் பௌத்தர்களும், இந்துக்களும், கிறிஸ்தவர்களும் அதே மண்ணில் உறங்குகிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

2024 ஜூலையில் அமைச்சரவை, அந்தக் கட்டாய எரிப்புக்காகப் பாதிக்கப்பட்ட சமூகங்களிடம் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர். கொள்ளைநோயில் மரணிக்கும் முஃமினுக்கு ஷஹீதின் கூலி உண்டென்பது நபி (ஸல்) அவர்கள் தந்த நன்மாராயம். அவர்களது ஜனாஸாவுக்கு என்ன நேர்ந்திருந்தாலும் அந்தக் கூலியை யாராலும் பறிக்க முடியாது. அவர்களது உம்மாமார், மனைவிமார், பிள்ளைகள் இதை மனதில் வைத்து ஆறுதல் அடையட்டும்.

பயம் செய்த வேலை

சகோதரிகளே, இந்த அநியாயத்தால் மௌத்தானவர்கள் மட்டும் பாதிக்கப்படவில்லை. உயிரோடு இருந்தவர்களும் பாதிக்கப்பட்டார்கள். காய்ச்சல் என்று சொல்ல நமது மக்கள் பயந்தார்கள். பரிசோதனைக்குப் போகப் பயந்தார்கள். மூச்சு முட்டும்வரை வீட்டுக்குள் இருந்தார்கள். கொவிட் நோயில் ஓர் ஆபத்து உண்டு. இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்துகொண்டே போகும். நோயாளிக்கு அது தெரியாமலே இருக்கும். நீரிழிவும் பிரஷரும் உள்ள முதியவருக்கு ஒவ்வொரு நாளும் முக்கியம். நான்கு நாள் பிந்திப் போனால் வைத்தியர் செய்யக் கூடியது குறைந்து விடும்.

ஒரு சிறுபான்மைச் சமூகம் அரசாங்கத்தின் மீது நம்பிக்கை இழந்தால், நோய் அந்தச் சமூகத்துக்குள் ஒளிந்துகொள்ளும். ஒளிந்த நோய் ஓர் இனத்தோடு நிற்காது. பக்கத்து வீட்டுக்கும் போகும். ஆகவே, சிறுபான்மையினரின் உணர்வை மதிப்பது என்பது அவர்களுக்குச் செய்யும் சலுகையல்ல. அது நோய்த் தடுப்பின் ஒரு பகுதி. இதை ஆட்சியாளர்கள் விளங்க வேண்டும்.

ஆனால் ஆட்சியாளர்கள் விளங்கும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா?

அந்த உம்மாவின் கதைக்கு வருகிறேன். அவர் மூன்று நாள் காய்ச்சலை மறைத்திருக்கிறார். நான்காம் நாள் மருமகள் கண்டுகொண்டாள். “மாமி, நான் நோனாவுக்குச் சொல்லப் போறன்” என்றிருக்கிறாள். நோனா என்பது எங்கள் பகுதியின் குடும்பநல மாது, ஒரு சிங்களச் சகோதரி. இருபது வருடமாக எங்கள் ஊர்த் தெருக்களில் நடப்பவர். அந்த வீட்டில் பிறந்த பிள்ளைகளையெல்லாம் நிறுத்துப் பார்த்தவர். உம்மாவுக்கு முதலில் நீரிழிவு இருக்கிறதென்று சந்தேகப்பட்டு கிளினிக்குக்கு அனுப்பியவரும் அவர்தான். அரைகுறைத் தமிழில் எல்லா வீட்டிலும் பேசுவார்.

அவர் வாசலுக்கு வெளியே நின்றே பேசினாராம். அடக்கம் பற்றி அவர் எந்த வாக்குறுதியும் தரவில்லை, தரவும் முடியாது. “உம்மா மௌத்தாகிறதைப் பற்றி இப்ப யோசிக்க வேணாம். இப்ப போனா வீட்டுக்குத் திரும்பி வரலாம். நான் தினமும் வார்டுக்கு போன் பண்ணிக் கேட்பன்” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். உம்மா ஆம்புலன்ஸில் ஏறினார். பதினேழு நாள் கழித்து நடந்தே வீட்டுக்குள் வந்தார். அல்ஹம்துலில்லாஹ்.

பின்னர் நான் அவரைப் பார்க்கப் போனபோது, ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். “நீங்கதானே மௌலவி ஸபுறு செய்யச் சொன்னீங்க” என்றார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. வெள்ளை மனதோடு சொன்னார். அந்த வார்த்தை இன்றும் என் நெஞ்சில் கிடக்கிறது.

ஸபுறின் பொருள்

நான் அரபுக் கல்லூரியில் ஏழு வருடம் ஓதியவன். ஸபுறு என்பதற்கு உறுதியாக நிற்பது, நிலைகுலையாமல் செய்ய வேண்டியதைச் செய்வது என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவன். ஆனால் தேவையான நேரத்தில் அதைச் சும்மா கிடப்பது என்ற பொருளில் பேசிவிட்டேன்.

ஹிஜ்ரி 18 இல் ஷாம் தேசத்தில் அம்வாஸ் என்ற கொள்ளைநோய் பரவியது. கலீபா உமர் (ரழி) அவர்கள் ஷாமை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஸர்க் என்ற இடத்தில் செய்தி கிடைத்தது. அவர்கள் தனியாக முடிவெடுக்கவில்லை. முஹாஜிர்களை அழைத்தார்கள், அன்ஸார்களை அழைத்தார்கள், குறைஷிப் பெரியவர்களை அழைத்தார்கள். எல்லோரிடமும் ஆலோசனை கேட்டார்கள். திரும்பிப் போவதென்று தீர்மானித்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரழி) அவர்கள் கேட்டபோது, ஒரு விதியை விட்டு அல்லாஹ்வின் இன்னொரு விதியின் பக்கமே போகிறோம் என்ற கருத்தில் விடை சொன்னார்கள். நோயுள்ள ஊருக்குள் போகவும் வேண்டாம், அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள் அப்போது எடுத்துச் சொன்னார்கள். கலீபாவின் தீர்மானம் அதற்குப் பொருந்தி வந்தது.

விசாரிப்பது, அறிந்தவரிடம் கேட்பது, சேர்ந்து தீர்மானிப்பது, தீர்மானித்ததைச் செய்வது, முடிவை அல்லாஹ்விடம் ஒப்படைப்பது. இவ்வளவும் சேர்ந்ததுதான் ஸபுறு. அந்த மருமகள் எந்தக் கிதாபும் ஓதவில்லை. ஆனால் என்னை விட அவள்தான் இதைச் சரியாகச் செய்தாள்.

எங்கள் உம்மாவைக் காப்பாற்றியது நோய் வந்த பிறகு செய்த ஏற்பாடு அல்ல. இருபது வருடமாக ஒரு குடும்பநல மாதுக்கும் எங்கள் பெண்களுக்கும் இடையில் வளர்ந்த நம்பிக்கை அது. அரசாங்கத்தை நம்பாத அந்த உம்மா, அந்த நோனாவை நம்பினார். நோய் வந்த பிறகு நம்பிக்கையைத் தேடிப் போக முடியாது. சுகமான காலத்தில்தான் அதைச் சேமிக்க வேண்டும். அதைச் சேமிக்கும் கை பெரும்பாலும் பெண்களின் கை.

வீட்டில் தொடங்குவோம்

அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்று அல்லாஹ்வே அறிவான். அதற்கு முன் நாம் செய்து வைக்கக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன். இவற்றுக்குப் பெரிய செலவில்லை.

ஒன்று, வீட்டுக்கு ஒரு கொப்பி. வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், என்ன நோய், என்ன மருந்து, எந்தக் கிளினிக், கிளினிக் இலக்கம் எல்லாம் அதில் இருக்கட்டும். குடும்பநல மாது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், கிராம சேவகர் ஆகியோரின் தொலைபேசி இலக்கங்களும் இருக்கட்டும். 2020 ஏப்ரலில் ஊரடங்கின்போது கிளினிக் மருந்துகள் தபால்காரர் மூலம் வீடுகளுக்கு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். விலாசமும் இலக்கமும் சரியாக இருந்தவர்களுக்கு மருந்து வந்தது. எங்கள் தெருவில் சிலருக்கு வரவில்லை. கிளினிக் கொப்பியில் பழைய வீட்டு விலாசம் இருந்ததுதான் காரணம்.

இரண்டு, செய்தியைச் சலித்து எடுப்பது. அரிசியைப் புடைக்காமல் உலையில் போடுகிறோமா? கைத்தொலைபேசியில் வந்த செய்தியை மட்டும் ஏன் அப்படியே அடுத்தவருக்கு அனுப்புகிறோம்? தடுப்பூசி போட்டால் பிள்ளை பிறக்காது என்ற வதந்தியை எங்கள் ஊரில் பரப்பியவர்கள் கெட்டவர்கள் அல்லர், தொழுகையாளிகள்தான். கேட்டதையெல்லாம் பரப்புவது ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற நபிமொழியின் கருத்தை அவர்கள் மறந்துவிட்டார்கள். சொன்னவர் யார், வைத்தியரா, எந்த வைத்தியர் என்று கேளுங்கள். அறிவித்தல்கள் பல நேரம் முதலில் சிங்களத்தில்தான் வருகின்றன. ஆகவே தெருவுக்கு இரண்டு பெண் பிள்ளைகளாவது சிங்களம் வாசிக்க, எழுதப் படித்திருப்பது அந்தத் தெருவுக்கே ஒரு பாதுகாப்பு.

மூன்று, கொடுக்கும் முறை. 2020 மே 21 ஆம் திகதி, நோன்பின் கடைசி நாட்களில், கொழும்பு மாளிகாவத்தையில் பணம் பகிரப்பட்ட இடத்தில் நெரிசலில் சிக்கி மூன்று பெண்கள் மௌத்தானார்கள். நோய்க் காலத்தில், கூட்டம் கூடக் கூடாத நேரத்தில், ஏழைப் பெண்கள் வரிசையில் நிற்க வேண்டி வந்தது. கொடுப்பவரின் நிய்யத்தை அல்லாஹ் அறிவான். அதைப் பற்றி நாம் பேசவில்லை. ஆனால் ஸகாத் ஏழையின் உரிமை. உரிமையைப் பெற அவர் நம் வாசலில் நெருக்கித் தள்ளுப்பட வேண்டியதில்லை. அது அவர் வாசலுக்குப் போக வேண்டும். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, யார் கேட்க வெட்கப்படுகிறார், எந்த விதவை இத்தாவில் இருக்கிறார் என்பதெல்லாம் பள்ளி நிர்வாகத்துக்குத் தெரியாது. பெண்களுக்குத் தெரியும். மஹல்லாவில் நான்கைந்து பெண்கள் சேர்ந்து அந்தப் பட்டியலை இப்போதே எழுதிப் பள்ளிக்குக் கொடுங்கள். அதில் நமது தெருவிலுள்ள தமிழ், சிங்களக் குடும்பங்களும் இருக்கட்டும். பசிக்கு இனமில்லை.

நான்கு, உத்தியோகத்தரோடு உறவு. பரிசோதகர் வீட்டுக்கு வந்தால் ஏதோ பொலிஸ் வந்தது போல் கதவைச் சாத்துகிறோம். குடும்பநல மாது வந்தால் பிறகு வரச் சொல்கிறோம். அவர்களிடம் குறை இருந்தால் மரியாதையாகச் சொல்லுவோம். ஆனால் அவர்களை அந்நியராக்கிக் கொள்ள வேண்டாம். ஒரு கோப்பைத் தேநீர், ஒரு நோன்புக் கஞ்சி, ஒரு நலம் விசாரிப்பு ஆகியவை அற்பமானவையல்ல. அன்று எங்கள் ஊரில் ஓர் உயிரைக் காத்தது அதுதான். நமது பெண் பிள்ளைகள் தாதியராகவும் குடும்பநல மாதராகவும் போவதற்கு வீட்டில் தடை போடாதீர்கள். மதீனாவில் மஸ்ஜிதுன் நபவியில் கூடாரம் அமைத்து, காயப்பட்ட ஸஹாபாக்களுக்கு மருந்திட்டவர் ருபைதா (ரழி) என்ற பெண்மணி என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

ஐந்து, உரிமையை உரிய முறையில் கேட்பது. எரிப்புக்கு எதிராக நமது சமூகம் கல்லெறியவில்லை, கடையுடைக்கவில்லை. மனுப் போட்டது, வைத்திய நிபுணர்களின் ஆதாரத்தைத் திரட்டியது, வெள்ளைத் துணி கட்டியது, மற்றச் சமூகத்தவரைத் துணைக்கு அழைத்தது. 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை தமிழ் மக்கள் நடந்த பேரணியில் நமது ஜனாஸாப் பிரச்சினையும் ஒரு கோரிக்கையாக இருந்தது; முஸ்லிம்களும் அதில் கலந்துகொண்டார்கள். தோல்வி வந்தபோதும் விடவில்லை. இதுவும் ஸபுறுதான். இதில் வீட்டுக்கு ஒரு பங்குண்டு. அநியாயம் நடந்தால் திகதி, நேரம், இடம், யார் என்ன சொன்னார் என்பதை அன்றே எழுதி வையுங்கள். கோபம் ஆறிவிடும், எழுதியது இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நமக்கு நடந்ததை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தால் போதாது. நம்மை விடக் கஷ்டப்பட்டவர்களும் இருந்தார்கள். மலையகத்தில் ஒரே லயன் அறையில் ஏழெட்டுப் பேர் வாழும் குடும்பத்திடம், நோயாளியைத் தனி அறையில் வையுங்கள் என்று சொன்னால் அவர்கள் எங்கே போவார்கள்? நாட்கூலி இல்லாத நாளில் அவர்கள் என்ன உண்பார்கள்? அநியாயத்தின் ருசியை அறிந்த சமூகம், அடுத்தவருக்கு அது நேரும்போது முதலில் குரல் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்கும்போதுதான் நமக்கு ஒன்று நேர்ந்தால் அவர்களும் வருவார்கள்.

அந்த உம்மா 2023 இல், கொவிட் எல்லாம் ஓய்ந்த பிறகு, முதுமையால் வஃபாத்தானார். எங்கள் ஊர் மையவாடியில், தன் கணவரின் கபுறுக்கு அருகில் அவரை அடக்கினோம். நான்தான் ஜனாஸாத் தொழுகை நடத்தினேன். அந்த நோனாவும் வந்து, வீட்டின் உள்ளறையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தாராம், கண் கலங்கினாராம்.

இப்போது மறுபடியும் பெண்கள் வகுப்பு நடக்கிறது. யாராவது ஒரு கஷ்டத்தைச் சொன்னால், ஸபுறு செய்யுங்கள் என்று உடனே சொல்வதை விட்டுவிட்டேன். முதலில், “காய்ச்சல் இருக்குதா? சாப்பிட்டீங்களா? வீட்டில் யார் இருக்காங்க?” என்று கேட்கிறேன். நீங்களும் அப்படிக் கேளுங்கள், சகோதரிகளே. கேட்ட பிறகு செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். அதன் பிறகு ஸபுறைப் பற்றிப் பேசுவோம்.

அல்லாஹ் நம் எல்லோரையும், இந்த நாட்டு மக்கள் அனைவரையும் நோயிலிருந்தும் அநியாயத்திலிருந்தும் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.